காட்டாத வீட்டுக்குத் தரகு

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
04.08.2025

திருமதி சோபனா நிருபன் அவர்களுக்கு,

அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். காசு எங்களிடம் இருந்தது. அலுமாரியின் நடுத்தட்டில், உம்மாவின் சேலைகளுக்குக் கீழே, ஒரு கடித உறைக்குள். அதை எடுத்துக் கொடுக்க உம்மா எழுந்தும் விட்டார். நான்தான் கையைப் பிடித்து அவரை இருத்தினேன்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கள் வீட்டின் கீழ்த்தட்டில் என் தாயோடு வாடகைக்கு இருக்கிறேன். பெயர் அம்ரா. கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். தாய் ஆமினா உம்மா. வீட்டு ஒப்பந்தம் அவருடைய பெயரில் இருக்கிறது. கல்யாணம், பிறந்தநாளுக்கு ஓடர் எடுத்து கேக் செய்து கொடுக்கிறார்.

சனிக்கிழமை கனகரத்தினம் அண்ணன் வந்தார். உங்கள் வீட்டுக்கு ஆள் பிடித்துத் தருபவரும், வாடகை வாங்குபவரும் அவர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். வழக்கம்போல் தன்னிடம் உள்ள திறப்பால் கேற்றைத் திறந்து, கூப்பிடாமல் ஹோலுக்குள் வந்து நின்றார். உம்மா கை முழுக்க ஐசிங்கோடு இருந்தார்.

“இந்த மாசத்தோட எக்ரிமென்ற் முடியுதம்மா. புதுசு எழுதோணும். வழமைபோல எனக்கு ஒரு மாச வாடகை” என்றார்.

“அது எதுக்கண்ணன்?” என்று கேட்டேன்.

“எதுக்கோ? தரகு பிள்ளை. ஊரறிஞ்ச விசயம்.”

“வீடு பிடிச்சுத் தந்தீங்கள், தந்தம். போன வருஷம் ஒண்டும் பிடிச்சுத் தரேல்ல, அப்பவும் தந்தம். இந்த வருஷம் என்னத்தைப் பிடிச்சுத் தந்தனீங்கள்?”

அவர் கோபிக்கவில்லை. சிரித்தார். “கஷ்டமெண்டால் சொல்லுங்கோ பிள்ளை. ஆம்பிளை இல்லாத வீடு. பாதியாக் குறைச்சு விடுறன்.”

உம்மா எழுந்ததும் நான் அவரைப் பிடித்ததும் அப்போதுதான்.

அவர் மிரட்டியிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்போம். பயந்து கொடுத்தால் அது எங்கள் பயத்துக்குப் போன காசு. இரக்கப்பட்டுக் குறைத்த பாதியைக் கொடுத்தால், முழுவதும் அவருக்குச் சேரவேண்டியதுதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். காசு இருக்கிறது என்று சொல்லாததற்கும் காரணம் உண்டு. சொன்னால், ‘பிறகென்ன?’ என்பார். எங்களால் ஏலுமா ஏலாதா என்பதல்லவே கேள்வி.

இந்த வீட்டை விட்டுப் போக எங்களுக்கு விருப்பமில்லை. வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு கிண்ணியாவில் மாமா வீட்டில் இருந்தோம். நல்ல மனிதர்கள். ஆனாலும் அடுப்பு எப்போது காலியாகும் என்று பார்த்துப் பார்த்துத்தான் உம்மா கேக் போட்டார். தன் பெயரைக் கையெழுத்திட்டு அவர் எடுத்த முதல் வீடு உங்களுடையது. அதில் இருப்பதற்காகத் தலைகுனிய மட்டும் எங்களால் ஏலாது.

ஒப்பந்தம் புதுப்பிப்பதற்குத் தரகு இல்லை என்று நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இப்படிக்கு,
அம்ரா


வெள்ளவத்தை,
கொழும்பு.
11.08.2025

அம்ரா அவர்களுக்கு,

உங்கள் பதிவுத் தபால் கிடைத்தது. என் விலாசத்தை யார் தந்தார்கள் என்று தெரியவில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் என்னோடு நேரடியாகத் தொடர்புகொள்வதில்லை என்பது ஆரம்பத்திலேயே உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும்.

நான் வங்கியில் வேலை செய்பவள். வீட்டுக் காரியங்களைப் பார்க்க எனக்கு நேரமில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் கனகரத்தினம் அண்ணரிடம் விட்டிருக்கிறேன். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியாததால் எழுதுகிறேன். கொரோனாப் பயணத்தடைக் காலத்தில் என் தந்தை ஆனந்தராசா திருகோணமலை ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தார். ஒரே பிள்ளையான என்னால் கொழும்பை விட்டு வெளியேற முடியவில்லை. வாசலில் காவல் கிடந்தவர் கனகரத்தினம் அண்ணர். என் தந்தைக்குக் கொள்ளி வைத்தவரும் அவர்தான். நான் அதைப் போனில் பார்த்தேன். அப்படிப்பட்ட ஒருவரைக் கணக்குக் கேட்க எனக்கு மனமில்லை. மற்றவர்கள் கேட்பதும் பிடிக்காது.

தரகுக் காசில் ஒரு சதமும் எனக்கு வருவதில்லை. அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலுள்ள விஷயம். நீங்கள் எடுத்தெறிந்து கதைத்ததாக அவர் வருத்தப்பட்டார். பாதி என்றவரிடம் பாதியையாவது கொடுத்திருக்கலாம்.

சோபனா நிருபன்


உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
16.08.2025

திருமதி சோபனா அவர்களுக்கு,

உங்கள் விலாசத்தை யாரும் தரவில்லை. ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே, உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. உம்மா கையெழுத்திடுவதற்கு முன் முழுவதையும் வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு.

உங்கள் தந்தையைப் பற்றி எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். ‘கனகு தம்பி அப்பிடியான ஆள்தான், தெரியும்’ என்றார். நாங்கள் யாரும் அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. எங்களிடம் கேட்கும் காசு நியாயமில்லை என்றுதான் சொல்கிறோம்.

மேல்தட்டில் பாக்கியரத்தினம் ஐயாவும் மனைவியும் இருக்கிறார்கள். அவர் துறைமுகத்தில் பைலட் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடமும் இதே தரகு கேட்கப்பட்டது. வியாழக்கிழமை கனகரத்தினம் அண்ணன் திரும்ப வந்தபோது ஐயா மாடிப்படியில் நின்றார். கதை அப்படியே கீழே.

“கனகு, கப்பல் துறைமுகத்துக்குள்ள வரேக்க பைலட் ஏறுவார், வழி காட்டுவார், காசு. வெளிய போகேக்க ஏறுவார், காசு. உள்ள நங்கூரம் போட்டுச் சும்மா நிக்கிற கப்பலிட்டப் போய், வருஷம் பிறந்திட்டுது காசைத் தா எண்டு கேட்டால் கப்டன் என்ன செய்வான் தெரியுமோ?”

“என்ன செய்வான்?”

“தேத்தண்ணி குடுத்து அனுப்புவான். மேல ஏறி வாரும், ஊத்தி வச்சிருக்கு.”

கனகரத்தினம் அண்ணன் ஏறவில்லை. “பகிடியை விடுங்கோ அண்ணை. புது எக்ரிமென்ற் எண்டால் புதுக் குடி. புதுக் குடிக்குப் புதுத் தரகு.”

“அப்ப நாங்கள் இந்த வீட்டுக்குப் புது ஆக்களோ?”

“சட்டப்படி ஓம்.”

ஐயா என்னைப் பார்த்தார். “கேட்டீரோ பிள்ளை? நாங்கள் புது ஆக்களாம். அப்ப வீட்டைச் சுத்திப் பாக்காமல் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?”

கனகரத்தினம் அண்ணன் போன பிறகு வெகுநேரம் யோசித்தேன். அவர் மாதாமாதம் வாடகை வாங்கி உங்கள் கணக்கில் போடுகிறார். நகரசபை வரி கட்டுகிறார். மழைக்கு முன் கூரை ஓடுகளைச் சரிபார்க்கிறார். இவை உங்களுடைய வேலைகள். இவற்றுக்காக நீங்கள் அவருக்கு என்ன கொடுக்கிறீர்கள்?

விடையை எனக்கு எழுத வேண்டியதில்லை.

அம்ரா


வெள்ளவத்தை,
கொழும்பு.
22.08.2025

அம்ரா அவர்களுக்கு,

விடை எழுத வேண்டியதில்லை என்று நீங்களே சொல்லிவிட்டதால் எழுதவில்லை. எங்கள் குடும்பத்துக்கும் கனகரத்தினம் அண்ணருக்கும் இடையில் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அதைக் காசால் அளக்கும் உங்கள் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

தரகு கொடுத்து வருவதற்கு ஆட்கள் இருக்கிறார்களாம். ஆகவே இம்மாதம் 31ஆம் திகதி கீழ்வீட்டையும் மேல்வீட்டையும் காலி செய்து, திறப்புகளை அவரிடம் ஒப்படையுங்கள். முற்பணத்தில் மிகுதி திருப்பித் தரப்படும்.

சோபனா நிருபன்

பின்வளவில் என் தந்தை வைத்த ஜம்பு மரம் ஒன்று நின்றது. இப்போதும் நிற்கிறதா என்று அண்ணரிடம் கேட்க ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறேன்.


உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
31.08.2025, ஞாயிறு

திருமதி சோபனா அவர்களுக்கு,

ஜம்பு மரம் நிற்கிறது. இன்று காலை எங்கள் சோபாவை அதன் கீழேதான் வைத்தோம்.

இந்தக் கடிதம் வருவதற்கு முன் கனகரத்தினம் அண்ணன் போனில் சொல்லியிருப்பார். இருந்தாலும் எங்கள் வாயாலும் நீங்கள் கேட்கவேண்டும்.

நீங்கள் சொன்னபடி வீட்டைக் காலி செய்தோம். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் தொடங்கினோம். மேல்வீட்டுச் சாமானும் கீழ்வீட்டுச் சாமானும் வளவுக்குள் வந்தன. உம்மா கேக் சுடும் அவணை நாலு பேர் பிடித்தோம். நாளைக்குக் கொடுக்க வேண்டிய கல்யாணக் கேக் ஒன்று மேசையில், நுளம்பு வலைக்குள் இருந்தது. என் புத்தகப் பெட்டியைத் தூக்கிய பாக்கியரத்தினம் ஐயா, “இதுக்குள்ள என்ன பிள்ளை, நங்கூரமோ?” என்றார். கச்சான் காற்று எல்லாவற்றின் மேலும் மண்ணை அள்ளிப் போட்டது. திறந்து கிடந்த கேற்றால், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று உள்ளே வந்து, சோபாவை மோந்து பார்த்துவிட்டு கேக் பக்கம் திரும்பியது. ஐயாவின் மனைவி விளக்குமாற்றோடு காவலுக்கு நின்றார்.

பத்து மணிக்குக் கனகரத்தினம் அண்ணன் வந்தார். திறப்பைக் கையில் எடுத்தவர், கேற் திறந்திருப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

உம்மா போய் வீட்டுத் திறப்பைக் கொடுத்தார். “இந்தாங்க தம்பி. வீடு காலி. கூட்டியும் விட்டிரிக்கம்.”

“உம்மா, எங்க போறீங்கள்? வேற வீடு பாத்திட்டீங்களோ?”

“இல்ல. பாக்கத்தான் வந்திரிக்கம். இங்க நல்ல புறோக்கர் ஒராள் இரிக்கார் எண்டு சொன்னாங்க.”

உம்மாவுக்கு இப்படிக் கதைக்கத் தெரியும் என்பது எனக்கே இன்றுதான் தெரியும்.

“நாங்களும் புது ஆக்கள் தம்பி” என்றார் பாக்கியரத்தினம் ஐயா. “கடல் தெரியிற மாதிரி ஒரு மேல்வீடு இருக்காம். காட்டுவீரோ?”

கனகரத்தினம் அண்ணன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அப்போது நான் கடித உறையை எடுத்துக் காட்டினேன்.

“அண்ணன், இதுக்குள்ள ஒரு மாச வாடகை இருக்கு. நீங்கள் முதல் கேட்ட அண்டைக்கும் இருந்தது. புதுக் குடிக்குப் புதுத் தரகு எண்டு சொன்னீங்கள். சரி. வீட்டைத் திறந்து காட்டுங்கோ. பிடிச்சால் தாறம். பாதி வேண்டாம், முழுசு.”

உம்மா கொடுத்த திறப்பால் கதவைத் திறந்தார். வெறும் வீட்டுக்குள் அவருடைய குரல் பெரிதாகக் கேட்டது.

“இது ஹோல்” என்றார். “காத்தோட்டம் இருக்கு.”

“நல்லம்” என்றார் உம்மா.

“இது குசினி.” அங்கே நின்றுவிட்டார். அடுப்படிச் சுவரில் வெள்ளை மாபிள் பதித்திருக்கிறது. “இது எப்ப போட்டது?”

“போன வருஷம். எங்கட செலவுல” என்றார் உம்மா.

“தண்ணி வசதி நல்லம்” என்றார், தரகர் குரலில்.

“மோட்டர் எங்க இரிக்கி தம்பி?”

“பின்னால.”

“முன்னால. மழைத் தண்ணி ஏறுது எண்டு மாத்தி வச்சம். உங்களுக்கிட்டச் சொன்னதுதான்.”

மேல்வீட்டுக்கு அவர் ஏறவில்லை. வெளியே வந்து, ஜம்பு மரத்தடியில் எங்கள் கதிரையில் உட்கார்ந்தார். நான் உறையை நீட்டினேன். அவர் வாங்கிவிட்டால் நாங்கள் தோற்றோம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்ன சொல்லை மாற்ற ஏலாது.

அவர் வாங்கவில்லை.

“உங்கட வீட்டை உங்களுக்கே காட்டினன். அதுக்கு என்னெண்டு பிள்ளை காசு வாங்கிறது?”

உம்மா தேத்தண்ணி கொடுத்தார். குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார்.

“சோபனா எனக்கு ஒரு சதம் தாறேல்ல. தா எண்டு நானும் கேட்டதில்லை. ஆனந்தராசா ஐயாவின்ர பிள்ளையிட்ட நான் கூலி கேக்கிறதோ? அவவுக்கு நான் அண்ணர். உங்களுக்குத்தானே நான் புறோக்கர். அப்ப உங்களிட்டத்தானே கேக்கலாம்.”

இதை உங்களுக்கு எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் சரி என்று சொல்லவில்லை.

எழுந்து போகும்போது திறப்பை உம்மாவிடமே கொடுத்தார். “உள்ளுக்கு எடுத்து வையுங்கோ. கேக்கில மண் விழப்போகுது. சோபனாவோட நான் கதைக்கிறன்.” உம்மா அவரை விடவில்லை. காஸ் அடுப்பைக் குசினிக்குள் வைத்து, புதுச் சட்டியில் பால் காய்ச்சினார். “புதுக் குடி எண்டா பால் பொங்காமலா?” என்றார். பொங்கி வழிந்ததும் முதல் கோப்பை கனகரத்தினம் அண்ணனுக்குத்தான்.

ஆக, இன்று பின்னேரம் முதல் நாங்கள் உங்கள் வீட்டில் ஒப்பந்தம் இல்லாத புதுக் குடிகள். போகச் சொன்னீர்கள், போனோம். திரும்ப வந்திருப்பது வீடு பிடித்ததால். தரகு இல்லாமல் எங்களை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம்.

அம்ரா

ஜம்பு இப்போது காய்க்கவில்லை. காய்க்கும் காலத்தில் பாதியை மான் தின்னும்.


வெள்ளவத்தை,
கொழும்பு.
06.09.2025

அம்ரா,

மன்னிப்புக் கேட்டு எழுதும் பழக்கம் எனக்கில்லை. உங்களுக்கும் அது இருக்காது என்று உங்கள் கடிதங்களிலிருந்து தெரிகிறது. ஆகவே, முன்பு நீங்கள் கேட்ட கேள்விக்கு விடையை மட்டும் எழுதுகிறேன். ஒன்றும் கொடுக்கவில்லை.

கேட்காதவருக்கு எப்படிக் கொடுப்பது என்று நினைத்திருந்தேன். உண்மையில் அப்படிக்கூட நினைத்ததில்லை. நினைக்கவே இல்லை. வங்கியில் வேலை செய்கிறேன்; அடுத்தவர் காசை ஒரு நாளும் தவறாக எண்ணியதில்லை. இது மட்டும் என் கண்ணில் படவில்லை.

கனகரத்தினம் அண்ணருக்கு இரண்டு முறை போன் எடுத்தேன். முதல் முறை, “அந்தப் பிள்ளையள் நல்ல ஆக்கள், வீட்டை விட்டு எழும்பச் சொல்லாத” என்றார். காசுக் கதையை எடுத்ததும், “எனக்கென்ன குறை” என்று போனை வைத்துவிட்டார். கணக்கில் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் அப்படித்தான். இன்னொரு வழி யோசித்து இரண்டாம் முறை எடுத்தேன்.

“அண்ணை, எங்கட வீட்டை நான் பாத்து எவ்வளவு காலம். எனக்கு ஒருக்கால் காட்டுவீங்களோ?” என்று கேட்டேன். “வா” என்றார். “ஆனால் பாத்துப் பிடிச்சால் தரகு தரோணும்” என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்துக் கேட்ட அந்த ஒரு வழியைக் கைவிட நான் தயாரில்லை. தருவேன் என்றேன்.

13ஆம் திகதி வருகிறேன். ஒப்பந்தம் எழுதும் நொத்தாரிசிடம் நேரம் கேட்டிருக்கிறேன். புது ஒப்பந்தத்தில் வீட்டைப் பராமரிப்பவர் என்று அவருடைய பெயரும், அவருக்குரியதை மாதாமாதம் உரிமையாளரே கொடுக்கவேண்டும் என்பதும் எழுதப்படும். குடியிருப்பவர் புதுப்பிக்கும்போது தரகு இல்லை என்பதும் எழுதப்படும். வாடகையைக் கொஞ்சம் கூட்டுவேன். அது உங்களுக்கு எதிராக அல்ல. கூட்டுவதை நேரே கேட்பதுதான் முறை என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டைக் காட்டும்போது நீங்களும் உம்மாவும் கூட இருங்கள். மோட்டர் எங்கே என்று அவர் தடுமாறினால் சொல்லிக்கொடுங்கள்.

சோபனா


உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
24.09.2025

சோபனா அக்காவுக்கு,

நீங்கள் வந்த அன்று நாம் அதிகம் கதைக்கவில்லை. கடிதத்தில் வாய் காட்டுகிறவள் நேரில் இப்படியா என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அது அப்படித்தான். ஜம்பு மரத்தில் கை வைத்து நீங்கள் நின்றபோது உம்மா என்னை உள்ளே கூப்பிட்டது வேலைக்காக அல்ல, உங்களைத் தனியே விடத்தான்.

வாடகை கூட்டியதற்கு உம்மாவின் முதல் சொல் என்ன தெரியுமா? “கேட்டிரிக்கா. கேட்டா குடுக்கலாம்.” பாக்கியரத்தினம் ஐயா மட்டும் கடல் தெரியும் யன்னலுக்கு ஏதாவது கழிவு உண்டா என்று கேட்கச் சொன்னார். கேட்டதாகச் சொல்லிவிடுகிறேன்.

கனகரத்தினம் அண்ணன் அன்று அறை அறையாக உங்களைக் கூட்டிப் போய், ஒவ்வொரு சுவரையும் தட்டித் தட்டிக் காட்டினாரே, அதை உம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். முன்னாலுள்ள மோட்டரைக் காட்டிவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். முதல் நாள் ஆள் விட்டு அதற்குக் கூரை போட்டவர் அவர்தான் என்பதை உங்களுக்குச் சொல்லவில்லை போலும். உங்களிடம் வாங்கிய தரகுக் காசு உறையை எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பைக்குள் வைத்ததையும் நான் பார்த்தேன்.

நீங்கள் போன பிறகு நடந்ததைக் கேட்டிருந்தீர்கள். இன்று காலை ஒப்பந்தப் பிரதிகளைக் கொண்டு அவர் வந்தார். கீழ்வீட்டுப் பிரதியில் உம்மாவின் பெயர் சரியாக இருக்கிறது. தரகு கேட்கவில்லை. கேற் திறப்பு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. ஆனாலும் வெளியே நின்று கூப்பிட்டார். உம்மா போய்த் திறந்தார்.

அம்ரா